சாக்குமூட்டை பெஞ்சும் என் மணையும்

செல்விக்கு,

மகளே என்று எழுதத்தான் கை போகிறது. முறை பார்த்தால் நீ எனக்கு மருமகள், என் தங்கச்சி பெற்ற பெண். முறையை யார் பார்க்கிறார்கள்? உன் அப்பா நீ தவழும்போதே போய்ச் சேர்ந்தார். அன்று முதல் என் வீட்டில், என் தட்டில் பாதி உன் தட்டில் என்று வளர்ந்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் உனக்குக் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அதைப் பார்த்து ஹெட்மாஸ்டர், "கலெக்டர் கையெழுத்து கெட்டது போங்க" என்றார். பக்கத்தில் யாரும் இல்லாததால் சாட்சி கிடையாது. ஆனால் சொன்னார். எட்டாவதோடு நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்று ஜில்லாவே என் கையில் இருந்திருக்கும் என்று உன் அத்தையிடம் அடிக்கடி சொல்வேன். "இருக்கற ஊடு உங்க கையில இருக்கா பாருங்க" என்பாள். அதை விடு. இந்தக் கடிதத்தை நீ நாலு பேருக்குப் படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். காட்டு. அதற்காகத்தான் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன்.

போன மாசம் சாப்பிடும்போது நீ ரொம்பச் சாதாரணமாக ஒன்று சொன்னாய். "மாமா, மணைக்குன்னு நீ எங்கயும் அலைஞ்சிகினு இருக்காத. வெய் சார் செஞ்ச பெஞ்சுலயே ஒக்காந்துக்கறோம். அவரும் சரின்ட்டாரு." அவர் என்றது மாப்பிள்ளையை, வெய் சார் என்றது கம்பெனிக்கு வந்த அந்தச் சீனாக்காரனை. நான் "சரிம்மா" என்றேன். ரசம் ஊற்றிப் பிசைந்தேன். ஏற்கெனவே மோர் ஊற்றியிருந்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தேன் என்பதை நீ கவனிக்கவில்லை. உன் அத்தை கவனித்தாள். வேறு தட்டு கொண்டுவந்து வைத்தாள்.

கல்யாணத்தில் மேளம் வைப்பது யார், பந்தல் போடுவது யார், மாலை யார் வாங்குவது, இதையெல்லாம் நான் கேட்கவே இல்லை. மணை மட்டும் தாய்மாமன் கொண்டுவர வேண்டியது. பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்கார வைப்பவனும் அவன்தான். உனக்கு நான் அப்பா வேலை பார்த்தேன், கார்டியன் வேலை பார்த்தேன், காய்ச்சலில் கம்பவுண்டர் வேலைகூடப் பார்த்தேன். ஆனால் ஊரறிய எனக்கென்று உள்ளது இந்த ஒரு வேலைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரைப்பேட்டை மண்டபத்தில் நீ எதன்மேல் உட்காரப் போகிறாய் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

வெய் நம் கம்பெனிக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். என் நினைவு உன்னுடையதைவிட நல்லது, அதனால் நானே சொல்கிறேன். அப்போது நம் குடும்பமே அந்தக் கம்பெனி மண்ணில்தான் சோறு தின்றுகொண்டிருந்தது, இன்னமும் தின்கிறது. வாஷ்பேசினையும் கழிப்பறைக் கோப்பையையும் சூளை வண்டியில் ஏற்றுபவன் நான். வெந்து வெளியே வந்ததும் மரச்சுத்தியால் தட்டி, ஒலியைக் கேட்டு, உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்பவனும் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே என் காதுக்கு இணையான காது கிடையாது. மெட்ராஸிலிருந்துகூட ஆள் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். உன் அம்மா பேக்கிங்கில் வைக்கோல் சுற்றுகிறாள். நீ டிப்ளமா முடித்து டிசைன் பிரிவில் கண்ணாடி ரூமுக்குள் போய் உட்கார்ந்தாய். அன்று நான் தட்டின பேசினெல்லாம் மணி மாதிரி அடித்தது.

அப்படி இருந்த நேரத்தில்தான் புது மாடல் பேசின் வரையச் சொல்லி சீனாவிலிருந்து இவனை வரவழைத்தார்கள். ஒல்லி. துணி ஷூ. பீங்கானுக்கென்றே ஒரு ஊராம் அவன் ஊர், அங்கே தெருவிளக்குக் கம்பமே பீங்கானாம். நீ அதைத் தமிழில் சொல்லும்போது உன் கண் விரிந்ததை நான் பார்த்தேன். விடுவேனா? "எங்க பழவேற்காட்டுல படகே பீங்கான்தான்னு சொல்லு" என்றேன். "மாமா, நான் சொல்ல மாட்டேன்" என்றாய். "தண்ணில போனா ணங்ணங்குன்னு சத்தம் வரும்னு சேத்துச் சொல்லு." நீ சொல்லவில்லை. நீ அன்றைக்கே அவன் கட்சியில் சேர்ந்துவிட்டாய் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

பேசின் வரைய வந்தவன் பேசினோடு நின்றானா? சாயங்காலமானால் மோல்டு ஷாப் மூலையில் உட்கார்ந்துகொண்டு நாற்காலி செய்தான். மண்ணில் நாற்காலி. ஒன்று கசங்கின தலையணையை நிமிர்த்தி வைத்த மாதிரி. ஒன்று முரசு மாதிரி, சுற்றிலும் ஆணி அடித்தது போலக் குமிழ். ஒரு டேபிளுக்குக் கால் நாலும் மூங்கில் குருத்து. பார்த்தால் ஆசை, உட்கார்ந்தால் பயம். நீ எனக்குப் பாடம் எடுத்தாய். "இது சேரும்தான் மாமா, சிலையும்தான். இப்ப அங்க இருக்கறவங்க இப்டித்தான் செய்றாங்க. வெறும் சாமானா வெச்சிக்காம, பாக்கறவன் ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும்." நான் சொன்னேன்: "ரெண்டும்னு சொன்னா ரெண்டும் இல்லன்னு அர்த்தம். சேர்ல ஒக்காந்து ஏன் யோசிக்கணும்? யோசிக்கறவன் எழுந்து நடப்பான்." மோல்டு செய்கிற அந்தோணியும் மற்றவர்களும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு அந்தச் சாக்குமூட்டை. இதில் ஒரு உண்மையை நீ எல்லோருக்கும் சொல்ல வேண்டும்: சாக்கு கொடுத்தவன் நான். கேன்டீனில் அரிசி வந்த சாக்கு ஒன்றை அவன் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் என்று நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அதைக் கூழாகக் கரைத்த மண்ணில் முக்கி, உள்ளே தாங்கு கொடுத்து, இரண்டு மூட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினது போல அமைத்தான். சூளையில் சாக்கு எரிந்துபோய்விட்டது. சாக்கின் பின்னல், வாய் தைத்த நூல், மூலைக் கொம்பு எல்லாம் பீங்கானாக நின்றது. பாசி படிந்த குளத்துத் தண்ணீர் நிறத்தில் ஒரு மெருகு. பேக்கிங் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "அய்ய, கல்லு" என்று கையை எடுத்தார்கள். வாட்ச்மேன் நூல் நுனியைத் தேடிப் பிரிக்கப் பார்த்தான். மேனேஜர் வந்து, இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு நாளும் பேசாத குரலில், "பியூட்டிஃபுல்" என்றார். ஊருக்குத் திரும்பிப் போகும்போது அவன் அதை உனக்கே கொடுத்துவிட்டுப் போனான், கல்யாணப் பரிசு என்று. நம் ஊர்க் கல்யாணத்தில் நெல்லுக்கு என்ன மரியாதை என்று அவனுக்கு நீதான் சொல்லியிருக்க வேண்டும். பொண்ணும் மாப்பிள்ளையும் நெல்மூட்டைமேல் உட்கார்ந்தால் வீடு நிறையும் என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறான். கெட்டிக்காரன். அதுதான் எரிகிறது.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம். வேறு என்ன பேர் வைப்பது? நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது மின்னல் ஏன் வருகிறது என்று டீச்சர் கேட்க, "எங்க மாமா சொன்னாரு, வானத்துல ரெண்டு சூளைக்கதவு, அத தொறந்து மூடறாங்கன்னு" என்று பதில் சொல்லி முட்டி போட்டவள் நீ. முட்டி போட்டுக்கொண்டே, "எங்க மாமா பொய் சொல்ல மாட்டாரு" என்றாயாம். அந்த டீச்சரே வந்து என்னிடம் சொன்னார். அப்படிப்பட்டவள், போன வருஷம் முழுக்க, சோறு போட்டால் "வெய் சார் சொன்னாரு", குழாயில் தண்ணீர் வந்தால் "வெய் சார் சொன்னாரு". நான் இத்தனை காலமாகத் தட்டித் தட்டிச் சொன்ன ஒலியை நீ ஒரு நாள் நின்று கேட்டதில்லை. அவன் களிமண்ணை உள்ளங்கையில் வைத்து மூச்சு விடாமல் பார்த்தால் நீயும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாய். பொறாமை வந்தால் அதை உள்ளே பூட்டி வைக்காதே என்பதுதான் நான் உனக்குச் சொல்லும் முதல் புத்தி. மண்ணுக்குள் காற்று அடைபட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சூளையில் வெடிக்கும்போது தான் மட்டும் உடையாது, பக்கத்திலிருக்கும் நல்ல பேசினையும் சேர்த்து உடைக்கும். உன் புருஷன் யாரையாவது ரொம்பப் புகழ்ந்து உனக்கு வயிறெரிந்தால், எரிகிறது என்று சொல்லிவிடு. சிரித்துவிட்டுப் போவான். சொல்லாமல் ரசத்தை மோரில் ஊற்றாதே.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் கம்பெனி ரிசப்ஷனில் யாரும் இல்லாத நேரம், என் மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு போய், கல்யாணம் வரைக்கும் என்று அங்கே போட்டிருந்த அந்த பெஞ்சைத் தட்டினேன். ஒரே ஒரு மட்டமான ஒலி கிடைத்தால் போதும், "உள்ளே விரிசல் இருக்குது, பொண்ணு ஒக்காரக் கூடாது" என்று சொல்லிவிடலாம் என்று போனேன். இந்த மூலை தட்டினேன், அந்த மூலை தட்டினேன், கீழே குனிந்து வயிற்றில் தட்டினேன். பாவி, கோயில் மணி மாதிரி அடிக்கிறது. குறையே வைக்காமல் செய்திருக்கிறான். பொய் சொல்லியிருக்கலாம்தானே என்று நீ நினைப்பாய், ஊர் முழுக்க அளக்கிறவன்தானே என்று. தட்டின சத்தத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் பேச்சு. அது தொழில்.

அதனால் நேராகப் போட்டிக்கே இறங்கினேன். மேனேஜரிடம் கேட்டு, மோல்டு ஷாப்பில் மீந்துபோன மண்ணை எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். அந்தோணி சிரித்தான்.

"இன்னாண்ணே, சீனாக்காரனுக்குப் போட்டியா?"

"போட்டி இல்லடா. பாடம்."

"அவன்தான் ஊருக்குப் போய்ட்டானே."

"பாடம் தபால்ல போவும். நீ மோல்டு போடு."

"பலக மாதிரி தட்டையா போட்டா வளையும்ணே."

"உள்ள குடைஞ்சி, குறுக்குல சுவர் வெச்சிப் போடு. எனக்கே சொல்லித் தர்றியா? இவன் ஒரு பேஜாரு."

அளவு நான் எடுத்தேன். கூடத்தில் தினத்தாளை விரித்து, உன் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நானும் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கோடு போட்டேன். "அவங்க ரெண்டு பேரும் முருங்கக்கா மாதிரி இருக்கறாங்க. நம்மள வெச்சி அளந்தா எப்டி?" என்றாள். "இன்னும் பத்து வருஷத்துல அவங்களும் நம்மள மாதிரி ஆவாங்க. அப்பவும் ஒக்கார வேணாமா?" என்றேன். மண் காய்ந்து வெந்தால் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன, அதற்காக ஒரு சாண் கூட்டிக் கொடுத்தேன். கூட்டியாயிற்று என்பதை அந்தோணியிடம் சொல்ல மறந்தேன். யார் எந்த அளவு கொடுத்தாலும் சுருக்கத்துக்கென்று கூட்டிப் போடுவது அவன் கைப்பழக்கம். அவன் பங்குக்கு அவனும் கூட்டினான். சூளை திறந்து வண்டி வெளியே வந்ததும் எட்டிப் பார்த்து, "அண்ணே, இது சுருங்கவே இல்லியே" என்றான். மணை, பழவேற்காட்டுப் படகு மாதிரி கிடந்தது. நடுவில் லேசாகத் தொய்வு வேறு. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மற்றவர் பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும்.

நிறத்தைப் பற்றி யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள். கம்பெனியில் உள்ள வெள்ளைதான் பூசினேன். "பாத்ரூம் வெள்ளையாச்சேண்ணே" என்றான் அந்தோணி. அது வீட்டுக்கு வீடு இருக்கிற வெள்ளை, அதனால் ராசியான வெள்ளை என்றேன். ஓரமெல்லாம் நீல நிறத்தில் நானே என் கையால் மாவிலைத் தோரணம் வரைந்தேன். பார்த்தவர்கள் மீன் என்கிறார்கள். மீனும் மங்களம்தான். தட்டிப் பார்த்தேன். வெய்யின் பெஞ்சு மாதிரி மணியாக அடிக்கவில்லை. பானைத் தண்ணீரில் கல் போட்டது போல் ஒரு சத்தம். ஆனால் விரிசல் இல்லை. இதுவும் தட்டின சத்தம், பொய் சொல்ல மாட்டேன்.

இனி நேற்று நடந்தது. நீயும் உன் அத்தையும் பத்திரிகை வைக்க ஆரணிக்குப் போயிருந்தீர்கள். கம்பெனி டெம்போவில் மணை வந்து இறங்கியது. பேக்கிங்கில் உன் அம்மாவுக்கே தெரியாமல் வேறொரு பெண்ணை விட்டு வைக்கோல் சுற்றச் சொல்லியிருந்தேன். வீட்டில் இருந்த உன் அம்மா, இதென்ன கட்டு கட்டியிருக்கிறாள் என்று அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே பிரித்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். நீளத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, இது இன்னா, பொண்ணு மாப்ளைக்கா, மொத்தப் பந்திக்கா?"

கேட்டுக்கொண்டே புடவையில் ஒட்டின வைக்கோலை எடுக்க, நினைவில்லாமல், அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் நெருப்பில் பட்டது போல எழுந்தாள். "அய்யோ, நான் ஒருத்தி, மணையில போய்…" என்று, உட்கார்ந்த இடத்தை மறுபடியும் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

உனக்கு நினைவிருக்கிறதா செல்வி, நீ பெரியவளானபோது நான் மாம்பலகையில் மணை செய்துகொண்டுவந்து உன்னை உட்கார வைத்தேன். கூடம் முழுக்கப் பெண்கள். நீ மஞ்சள் பூசின முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாய். "எங்கம்மா எங்க?" என்று கேட்டாய். உன் அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால், உனக்கான புட்டைக் கிளறிக்கொண்டு நின்றிருந்தாள். தாலி இல்லாதவள் முன்னே வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. எல்லோரையும் சிரிக்க வைக்கிற நான்கூட அன்று வாயைத் திறக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அவள் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்துவிட்டாள், பந்தி நடக்கும் கூடத்து வாசலில் நின்றுகொள்வாளாம். அங்கிருந்து மேடை நன்றாகத் தெரியுமாம். போன வாரம் மண்டபம் பார்க்கப் போனபோது அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நேற்றுதான் எனக்கு விளங்கிற்று.

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். என் வாய், யோசிப்பதற்கு முன்னாலேயே பேசியது.

"தொடச்சது போதும். அது உன் எடம். உனக்குன்னு அளவு எடுத்துத்தான் நீட்டா செஞ்சது."

"பொய் சொல்லாதண்ணே."

"நான் என்னிக்கிடி பொய் சொல்லியிருக்கேன்?"

சிரித்தாள். உன் அம்மா பல் தெரியச் சிரித்து நீ எப்போது பார்த்தாய்? சிரித்துக்கொண்டே, "மூணு பேரு ஒக்கார்ற மணை எந்த ஊர்ல இருக்குது?" என்றாள். "சீனால இருக்குது. அங்க பொண்ணோட அம்மா ஒக்காராம தாலியே ஏறாது. வெய் எங்கிட்ட சொன்னான்" என்றேன். அவள் உட்காரவில்லை. ஆனால் துடைப்பதை நிறுத்தினாள். துணியை மடித்து, அந்த ஓரத்தின்மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான் விஷயம். நான் இதுவரை எத்தனையோ அளந்திருக்கிறேன். எதற்கும் உன்னை உதவிக்குக் கூப்பிட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் நீதான் உண்மையாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் உன் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன். மணைக்குப் பக்கத்தில் வந்ததும் நீ உட்காராதே. திரும்பி, பந்தி வாசலைப் பார்த்து, அன்றைக்கு "எங்கம்மா எங்க?" என்று கேட்டாயே, அதே மாதிரி கேட்டு உன் அம்மாவைக் கூப்பிடு. இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது கேட்டால் சீனத்து வழக்கம் என்று சொல்லிவிடுவேன். கேட்பவர் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் இன்ஜினீயராகவே இருக்கட்டும், நான் சொல்கிற விதத்தில் நம்புவார். அந்த வெய்யின் பேரால் எனக்கு இத்தனை நாள் வயிறு எரிந்ததற்கு, இந்த உதவியாவது அவன் பேர் செய்யட்டும்.

அவன் பெஞ்சையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தூக்கி எறியவா போகிறேன்? மேடைக்கு எதிரில், முதல் வரிசையில் போட்டு அதில் நானும் உன் அத்தையும் உட்கார்ந்து பார்ப்போம். எங்கள் இரண்டு பேர் பாரத்தையும் அது தாங்கினால், அவன் நல்ல தொழில்காரன்தான் என்று அன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். அங்கிருந்து தாலி கட்டுவது தெரியும். நீங்கள் மூன்று பேரும் அந்தத் தொய்வில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதும் தெரியும். போட்டோகிராபரிடம் சொல்லி அதை ஒன்று எடுத்து வெய்க்கு அனுப்பு. மணை யார் செய்தது என்று எழுது. ஓரத்தில் இருப்பது மாவிலை என்றும் எழுது.

உன்னை மணையில் உட்கார வைக்க இருப்பவன்,
மாமா